டெலிவரி வண்டிக்குப் புது பேட்டரியா? முதலில் கணக்குப் பார்ப்போம்!

ஒரு காலத்தில் மளிகைக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே வியாபாரம் பார்த்தார். வாடிக்கையாளர் பையோடு வருவார், சிட்டையை நீட்டுவார், சரக்கைக் கட்டி வாங்கிப் போவார். இன்று சிட்டை கைப்பேசியில் வருகிறது. அரை மணி நேரத்தில் சரக்கு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். "பையன் சாயங்காலம் கொண்டு வருவான்" என்று சொன்னால், அந்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் நம் கடைக்கு வருவது சந்தேகமே.

இதற்காகத்தான் நம்மில் பலர் சிறிய மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிக் கடை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். பெட்ரோல் செலவில்லை, பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். முதல் வருடம் எல்லாம் நன்றாகவே நடக்கும். அதன் பிறகு பேட்டரி இறங்கத் தொடங்கும். அப்போது மெக்கானிக் ஒரு யோசனை சொல்வார். அந்த யோசனையைக் கேட்டு நாங்கள் பட்ட பாட்டையும் கற்ற கணக்கையும் வியாபாரப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரை கீழமாசி வீதியில் எங்கள் கடை வண்டி 48 வோல்ட் வகை. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நான்கு, ஒவ்வொன்றும் 28 ஆம்பியர் அவர். வாங்கிய புதிதில் ஒரு சார்ஜில் 40 கிலோமீட்டர் ஓடியது. ஒன்றரை வருடத்தில் அது 18 ஆகிவிட்டது. காலையில் இரண்டு நடை போய்வந்தால் மத்தியானம் சார்ஜில் நிற்க வேண்டும். மேட்டில் ஏறும்போது பையன் இறங்கித் தள்ளவேண்டிய நிலை.

மெக்கானிக் வந்து பார்த்தார். "அண்ணாச்சி, பேட்டரி இன்னும் ஆறு மாசம் தாங்கும். கன்ட்ரோலர் ஒண்ணு பெருசா மாத்திவிட்டா வண்டி பறக்கும்" என்றார். எங்கள் கடைப்பையனும் சேர்ந்துகொண்டான். அவன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். வெளிநாட்டில் ஒருவர் மெலிந்த மின்சார வண்டியில் மண்மேடு, பாறை, ஓடை எல்லாம் தாவிக்கொண்டு போகிறார். "இதுவும் கரண்ட் வண்டிதான் அண்ணாச்சி. கன்ட்ரோலரும் பேட்டரியும் மாத்தினதுதான்" என்றான்.

பையன் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அவன் பார்த்தது பாதிதான். மீதிப் பாதியை நாங்கள் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

அந்த மண்மேட்டு வண்டியின் கதை

அவன் காட்டியது சர்ரான் என்ற சீன வண்டி. சோங்சிங் நகரத்தில் தயாராகிறது. கடைவீதிக்கான வண்டி அல்ல. காட்டுப்பாதைக்கும் தனியார் மைதானத்துக்கும் உண்டான டர்ட் பைக். எடை சுமார் 50 கிலோதான். கம்பெனியிலிருந்து வரும்போது 60 வோல்ட் பேட்டரி. 16 லித்தியம் செல்களை வரிசையாகக் கோத்தது. முழுச் சார்ஜில் 67.2 வோல்ட் காட்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதை வாங்குபவர்களில் பலர் அதோடு திருப்தி அடைவதில்லை. 60 வோல்ட்டை எடுத்துவிட்டு 20 செல் கொண்ட 72 வோல்ட் பேட்டரி போடுகிறார்கள். அது முழுச் சார்ஜில் 84 வோல்ட். கூடவே பெரிய கன்ட்ரோலரும் மாட்டுகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் கன்ட்ரோலரை மட்டும் தனியாக மாற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போவதில்லை. அது எத்தனை ஆம்பியர் கேட்கும், அதைக் கொடுக்கப் பேட்டரிக்குச் சக்தி உண்டா என்பதை முதலில் பார்க்கிறார்கள். இல்லையென்றால் பேட்டரியை முதலில் மாற்றுகிறார்கள். அல்லது பழைய பேட்டரி தாங்கும் அளவுக்குக் கன்ட்ரோலரைக் கட்டுப்படுத்தி வைக்கிறார்கள். வோல்ட் கூடினால் விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் கொடுக்கும் கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும். அந்த வண்டியில் மோட்டாரிலிருந்து முதல் பல்சக்கரத்துக்கு ஒரு பெல்ட் போகிறது. சக்தி கூடியபின் அந்த பெல்ட் வழுக்கும், அறுந்தும் போகும். அதனால் பெல்ட்டை எடுத்துவிட்டுச் செயின் போடுகிறார்கள். பிறகு பிரேக். இப்படி ஒன்றைத் தொட்டால் ஐந்தாறு சாமானை மாற்றவேண்டி வருகிறது. இத்தனையும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு!

நம் ஊரில் நடப்பது நேர் எதிர். கன்ட்ரோலர் விலை குறைவு, ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். பேட்டரி விலை அதிகம். ஆகவே முதலில் கன்ட்ரோலர். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

35 ஆம்பியர் செய்த வேலை

பழைய கன்ட்ரோலர் 18 ஆம்பியர். புதிது 35 ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 48 வோல்ட்டில் பழையது 864 வாட் இழுத்தது. புதியது 1,680 வாட் இழுக்கும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முதல் இரண்டு நாள் வண்டி உண்மையிலேயே பறந்தது. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்கும் குறைந்த செலவில் காரியம் முடிந்தது என்ற சந்தோஷம்தான்.

மூன்றாம் நாள் ஒரு வளைகாப்பு வீட்டுச் சரக்கு. 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு, ஒரு டின் எண்ணெய், பருப்பு, சீனி என்று 90 கிலோவுக்கு மேல். ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பிப் போட்டால் ஓடும், பத்தடி போனதும் மறுபடி நிற்கும். மூன்றாவது முறை சீட்டுக்கு அடியிலிருந்து புகை. பேட்டரி வயரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் கப்ளர் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே சமையல்காரர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருக்கிறார். இங்கே பாலத்தில் பையன் மூட்டைகளோடு நிற்கிறான். ஆட்டோ பிடித்துச் சரக்கை அனுப்பினோம். அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்ட பேச்சை இங்கே எழுதவேண்டாம்.

ஏன் இப்படி ஆயிற்று? லெட் ஆசிட் பேட்டரியின் மேல் 28 ஆம்பியர் அவர் என்று எழுதியிருப்பது, பல மணி நேரம் நிதானமாக இறக்கினால் கிடைக்கும் அளவு. ஒரேயடியாக 35 ஆம்பியர் இழுத்தால் அதில் பெரும்பகுதி கைக்குக் கிடைக்காது. வோல்ட் சட்டென்று விழும். 48 வோல்ட் கன்ட்ரோலர் பொதுவாக 42 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைக் காப்பாற்ற நிறுத்திவிடும். வண்டி நின்றது அதனால்தான். கப்ளர் உருகியதற்கு வேறு கணக்கு. வயரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 18 ஆம்பியர் 35 ஆனால் சூடு இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது. பழைய வயர், பழைய கப்ளர், மோட்டாருக்குள் இருக்கும் செம்புச் சுருள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இன்னொரு வித்தையும் நம் வட்டாரத்தில் நடக்கிறது. நான்கு பேட்டரி வண்டியில் ஐந்தாவதாக ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கோத்துவிடுகிறார்கள். வேகம் வோல்ட்டைப் பொறுத்தது என்பதால் 25 கிலோமீட்டர் வேகம் 31 ஆகும். ஆனால் 48 வோல்ட் கன்ட்ரோலரில் உள்ள கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் 63 வோல்ட் வரை தாங்குபவை. ஐந்து பேட்டரியும் முழுச் சார்ஜில் இருக்கும்போது அந்த எல்லையைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. சில மாதம் ஓடிய வண்டி ஒருநாள் சாவி போட்டவுடன் 'டப்' என்ற சத்தத்தோடு படுத்துவிடும்.

லித்தியம் வந்தது

பாலத்துச் சம்பவத்துக்குப் பிறகு, சரி, பேட்டரியையே மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தோம். லெட் ஆசிட்டைவிட லித்தியம் இரண்டு மூன்று மடங்கு விலை. ஆனால் எடை மூன்றில் ஒரு பங்குதான். தினமும் முழுக்க இறக்கி ஏற்றினால் லெட் ஆசிட் ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது கஷ்டம். நல்ல லித்தியம் பேட்டரி பல வருடம் வரும். வியாபாரக் கணக்கில் அதுவே லாபம்.

எங்களுக்குக் கிடைத்தது உள்ளூரில் செல் வாங்கிக் கோத்துக் கொடுத்த ஒரு பேட்டரி. '48 வோல்ட் லித்தியம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மிளகாய் வற்றல் வாங்கும்போது மூட்டைக்குள் கைவிட்டு, முறித்து, மோந்து பார்த்து வாங்கும் நாங்கள், இதை ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கினோம்!

48 வோல்ட் லித்தியம் என்பது ஒரே சரக்கு அல்ல. என்.எம்.சி. என்ற வகையில் 13 செல் கோத்திருப்பார்கள். அதன் முழுச் சார்ஜ் 54.6 வோல்ட். எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் பெரும்பாலும் 16 செல். முழுச் சார்ஜ் 58.4 வோல்ட். முதல் வகை எடை குறைவு, அதனால் டர்ட் பைக்காரர்கள் அதையே விரும்புகிறார்கள். இரண்டாவது வகை கொஞ்சம் கனம், இடமும் அதிகம் வேண்டும். ஆனால் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், ஆயுளும் அதிகம். சரக்கு வண்டிக்கு நாலு கிலோ கூடினால் என்ன நஷ்டம்? எங்கள் அபிப்பிராயத்தில் கடை வண்டிக்கு எல்.எஃப்.பி.தான் பொருத்தம்.

எங்களுக்கு வந்தது 13 செல். சார்ஜர் தரவில்லை. "பழைய சார்ஜரே போதும், அதுவும் 48 வோல்ட்தானே" என்றார் மெக்கானிக். பழைய லெட் ஆசிட் சார்ஜர் 59 வோல்ட் வரை ஏற்றக்கூடியது. பேட்டரி கேட்பதோ 54.6.

எங்கள் கடைப்பையன் இரவில் கிட்டங்கியில் படுப்பவன். வண்டியும் அங்கேதான் சார்ஜில் நிற்கும். ஒருபக்கம் சாக்கு மூட்டை அடுக்கு, மறுபக்கம் நல்லெண்ணெய் டின்கள், மேல்தட்டில் சூடமும் தீப்பெட்டிப் பண்டல்களும். வாசலில் இரும்பு ஷட்டர். லித்தியம் மாட்டிய நான்காம் நாள் இரவு ஒரு மணிக்கு அவனிடமிருந்து போன். "அண்ணாச்சி, சார்ஜர் லைட்டு பச்சையும் சிவப்புமா மாறி மாறி எரியுது. கண்ணுல பட்டு முழிச்சிட்டேன். பேட்டரியத் தொட்டா சூடா இருக்கு" என்றான். பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, வண்டியை வாசலுக்குத் தள்ளச் சொல்லி, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவன் ஊரில் அவனுடைய அம்மாவிடம், "எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்குறோம்" என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தோம்.

நடந்தது இதுதான். பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்று ஒரு காவல் போர்டு இருக்கிறது. செல்லின் வோல்ட் எல்லை மீறினால் அது இணைப்பைத் துண்டிக்கும். துண்டித்ததும் சார்ஜர் பச்சை காட்டும். வோல்ட் சற்று இறங்கியதும் போர்டு மறுபடி சேர்க்கும்; சார்ஜர் சிவப்பாகும். இரவெல்லாம் இந்த ஆட்டம். அந்தப் போர்டு ஒன்றுதான் அன்றைக்குக் காவல் நின்றது. மலிவான பேட்டரியில் அந்தப் போர்டும் மலிவாகத்தான் இருக்கும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வேலூர் அருகே இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தகப்பனாரும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ் என்று இருந்த கட்டடத்தில் தீ. மேலே தங்கியிருந்தவர்கள் உட்பட 8 பேர் மாண்டார்கள். இவை மாற்றம் செய்த வண்டிகள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. புகை எத்தனை வேகமாக ஆளைக் கொல்லும் என்பதற்காகச் சொல்கிறோம். பூட்டிய ஷட்டருக்குள் படுக்கும் பையனுக்கு ஓட வழி எது? லித்தியம் தீ நாம் கடையில் மாட்டியிருக்கும் பவுடர் சிலிண்டருக்கு அடங்கியதுபோல் காட்டிவிட்டு மறுபடி பற்றும். அதைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் வேண்டும்.

அந்த ஆண்டுச் சம்பவங்களையடுத்து மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலுமாக இரண்டு கட்டங்களில் அமலுக்குக் கொண்டுவந்தது. மூலைக்கடையில் கோத்துத் தரும் பேட்டரிக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது.

சட்டமும் நம் கல்லாவும்

நம் சின்ன வண்டிக்குப் பதிவும் லைசென்ஸும் வேண்டாம் என்பது நிபந்தனையோடு வந்த சலுகை. மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல். இந்த வரம்புக்குள் இருந்தால்தான் அது சட்டப்படி மோட்டார் வாகனம் அல்ல. ஐந்தாவது பேட்டரியைக் கோத்து வேகத்தைக் கூட்டிய நிமிடமே சலுகை போய்விடுகிறது. பிறகு அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். ஓட்டுபவன் லைசென்ஸ் இல்லாத பையன். யார் மேலாவது மோதிவிட்டால் நஷ்டஈடு வண்டிச் சொந்தக்காரர் கையிலிருந்து போகும். பல வருட வியாபாரத்தின் முதலே அதில் கரைந்துபோகலாம்.

பதிவு செய்த பெரிய மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரிவு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியின்றி மாற்றும் சொந்தக்காரருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. வண்டிக் கம்பெனியின் வாரண்டியும் நம் கையைவிட்டுப் போகும். ஆகவே அப்படிப்பட்ட வண்டிக்குக் கம்பெனி அங்கீகரித்த பேட்டரியைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

இப்போது நாங்கள் ஓட்டுவது

13 செல் பேட்டரியை நஷ்டத்துக்குத் திருப்பிக் கொடுத்தோம். வண்டி தயாரித்த கம்பெனியின் டீலர் மூலமாக, அந்த மாடலுக்கென்றே வரும் 16 செல் எல்.எஃப்.பி. பேட்டரி வாங்கினோம். 51.2 வோல்ட், 30 ஆம்பியர் அவர். அதற்கென்றே 58.4 வோல்ட்டில் நிற்கும் சார்ஜரும் கூட வந்தது. கன்ட்ரோலர் மறுபடி அந்தப் பழைய 18 ஆம்பியரேதான். பி.எம்.எஸ். 40 ஆம்பியர் தாங்கும். கன்ட்ரோலர் கேட்பதைப்போல ஒன்றரை மடங்காவது காவல் போர்டுக்குத் தாங்குசக்தி இருக்க வேண்டும் என்பது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு. உருகிய கப்ளருக்குப் பதில் தடித்த வயரும் நல்ல கப்ளரும், பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸும் போடச் சொன்னோம்.

வேகம் பழைய வேகம்தான், ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. பையனுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். ஆனால் முழு லோடோடு 40 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறது. பேட்டரியில் 20 கிலோவுக்கு மேல் எடை குறைந்ததாலும், பாரம் ஏற்றினாலும் வோல்ட் விழாததாலும் பாலத்தில் இறங்கித் தள்ளும் வேலை இல்லை. வண்டிக்கு உண்மையில் இருந்த நோய் பேட்டரிதான்; நாங்கள் கன்ட்ரோலருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாங்கப் போகும் உறுப்பினர்கள் ஸ்டிக்கரோடு நிற்காமல், எத்தனை செல், எந்த வகை, முழுச் சார்ஜில் எத்தனை வோல்ட், பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். சார்ஜரின் மேல் அச்சிட்டிருக்கும் வெளியீட்டு வோல்ட் பேட்டரியின் முழுச் சார்ஜ் வோல்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். சீரியல் எண்ணோடு ஜி.எஸ்.டி. பில்லும் எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். பில் இல்லாமல் கொடுத்தால் விலை குறையும் என்பார்கள். நாளைக்குத் தீ விபத்து என்று இன்சூரன்ஸ்காரர் வந்து நின்றால் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

சார்ஜ் போடுவதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கும் மாலைக்கும் மாற்றிவிட்டோம். கடை வாசல் தாழ்வாரத்தில், கண்ணெதிரே, சுவரில் பதித்த எர்த் உள்ள பிளக்கில். எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. சித்திரை வெயிலில் ஓடிவந்த வண்டியை அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டுத்தான் பிளக் மாட்டுவது. ஷட்டர் இறக்கும்போது பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். பையன் இப்போது மாடியில் படுக்கிறான்; அதற்குத் தெருப்பக்கம் தனிப் படிக்கட்டு உண்டு.

பழைய லெட் ஆசிட் பேட்டரிகளைப் புதிது வாங்கும் இடத்திலேயே எடைக்குப் போட்டுக் கழித்துக்கொண்டோம். ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு. பழுதான லித்தியத்தை அப்படி இரும்புக்கடையில் போடக் கூடாது. உடைத்தால் பற்றிக்கொள்ளும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய டீலரிடமே திருப்பிக் கொடுங்கள்.

அந்த 35 ஆம்பியர் கன்ட்ரோலர் இன்னும் எங்கள் கல்லா மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. மெக்கானிக் தம்பி இரண்டு தடவை விலைக்குக் கேட்டுவிட்டார். பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு அண்ணாச்சி வண்டிக்கு வேண்டுமாம். நாங்கள் கொடுக்கவில்லை.